ஒரே ஒரு திரைக்கான விதிவிலக்கு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். பனி விழும் எங்கள் ஓலு நகரத்தில் என்னைத் தெரிந்த எல்லாரும் அதைச் சொல்வார்கள். எல்லாரும் என்றால் மூன்று பேர், அதில் ஒருத்தர் பல் டாக்டர். என் வீட்டுக்காரர் ரெய்யோ ஸ்பெயின் வெயிலோடும் இன்னொருத்தியோடும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் சண்டை போடக்கூட ஆள் கிடையாது. அதனால் கோபத்தையெல்லாம் மின்மடல்களில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

சம்பளத்துக்கு ஒரு வேலை பார்க்கிறேன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சம்பளம் இல்லாமல் ஒரு வேலை பார்த்தேன், கதை அதைப் பற்றித்தான். கம்ப்யூட்டருக்குள் கிராஃபிக்ஸ் சிப் என்று ஒன்று உண்டு. திரையில் படம் வருவது அதனால்தான். அந்தச் சிப்பை ஓட்ட டிரைவர் என்கிற நிரல் வேண்டும். உலகம் முழுக்கப் பலபேர் கூடி இலவசமாக எழுதி வைத்திருக்கும் பெரிய நிரல் குவியலில், ஒரு கிழட்டுச் சிப்பின் டிரைவர் என் பொறுப்பில் இருந்தது. அதிலும் என் பங்கு ஒரே ஒரு காரியம். ஒரு திரையைச் செருகியதும், உன்னால் எந்தெந்த அளவில் படம் காட்ட முடியும் என்று அதைக் கேட்க வேண்டும். அது ஒரு பட்டியல் கொடுக்கும். இந்தச் சிப்பால் ஆகாததை அடித்துவிட்டு, மிச்சத்தை ஆளிடம் கொடுத்து, இதில் உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? ஆனால் திரைகள் பொய் சொல்லும். முடியாததை முடியும் என்று சொல்லும். சில திரைகள் முடிந்ததையே முடியாது என்று சொல்லும். அப்படிப்பட்ட பொய்யர்களுக்கென்று டிரைவருக்குள் விதிவிலக்குகள் எழுதி வைப்போம். இந்தக் கம்பெனியின் இந்த மாடல் சொல்வதை நம்பாதே, இப்படிச் செய் என்று.

என் டிரைவரில் கடைசியாக மிஞ்சியிருந்தது ஒரே ஒரு விதிவிலக்கு. அது ஓஸ்மோவின் திரைக்கானது.

ஓஸ்மோ கெத்துனென் எங்களுக்கு வடக்கே, கொர்பிவாரா என்ற சின்ன ஊரின் பேருந்து நிலையப் பொறுப்பாளர். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. எல்லாரும் பார்க்கும் மடற்குழுவில் அப்படி ஒரு மடலை யாரும் அதுவரை போட்டதில்லை. 'திரை கறுப்பா இருக்கு. பஸ் எப்போன்னு சனங்க என்கிட்ட வந்து கேக்கறாங்க. எனக்குப் பேசப் பிடிக்காது. சரி பண்ணுங்க.' இவ்வளவுதான் மடல்.

படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அது நெட்டுக்குத்தான திரை, பேருந்து நேரங்களை மேலிருந்து கீழாகக் காட்டுவது. ஆனால் டிரைவர் கேட்கும்போது, நான் சாதாரணச் சின்னத் திரை என்று கூசாமல் பொய் சொன்னது. ஓஸ்மோ திரை சொன்னதையெல்லாம் எனக்கு அனுப்பினார், நான் திருத்தம் எழுதி அனுப்பினேன், அவர் போட்டுப் பார்த்து 'வரல' என்று எழுதினார். இப்படியே ஒரு குளிர்காலம் போயிற்று. ஒரு நாள், 'படம் வருது' என்று எழுதினார். கூடவே, 'ஏரி உறைஞ்சிருச்சு. மேல நடக்கலாம்' என்று ஒரு வரி.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒருவர் தன் சொந்த இயந்திரத்தில் போட்டுப் பார்த்து, 'சோதித்தவர்' என்று தன் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயர் திருத்தத்தோடு சேர்ந்து குவியலில் நிரந்தரமாக நின்றுவிடும். என் டிரைவரில் அப்படி நிற்கும் பெயர் ஒன்றுதான். சோதித்தவர்: ஓஸ்மோ கெத்துனென். சோதித்தவர்: ஓஸ்மோ கெத்துனென். வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று வரிசையாக நிற்கும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை நான் ஒரு திருத்தம் அனுப்புவேன். அடுத்த நாளே பதில் வரும். 'படம் வருது.' அதற்குக் கீழே ஏரியைப் பற்றி ஒரு வரி. உருகியது, உறைந்தது, வாத்து வந்தது, வாத்து போனது. நான் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லை. ஆனால் என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கடலைவிட அது எனக்கு நெருக்கமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, வருஷம் முழுவதும் எனக்கென்று வந்த மடல்களில் நான் இரண்டு முறை படித்தவை அவை மட்டும்தான்.

இந்த நிலையில்தான் ஹென்னிங் வந்தான்.

ஹென்னிங் ஜெர்மனிக்காரன், பிரேமனில் இருக்கிறான். எல்லாத் திரை டிரைவர்களுக்கும் இப்போது அவன்தான் தலைமை. நல்ல பையன், மரியாதை தெரிந்தவன், அதுதான் எரிச்சல். வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் சுவரில் சைக்கிள் தொங்கியது.

"மெர்வி, உங்க டிரைவர்ல அளவுப் பட்டியல் எழுதற பாகம் இனி தேவையில்ல. எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு எழுதிட்டோம். உங்களோடது அதுக்கு மாற முடியாம ஒரே ஒரு விதிவிலக்கு குறுக்க நிக்குது."

"அது ஒரு ஆள் பயன்படுத்தற விதிவிலக்கு."

"நிஜமாவே ஒருத்தர் பயன்படுத்தறார்னா நான் தொடவே மாட்டேன். உயிரோட இருக்கற ஒரு மனுஷனோட திரைய நாம கறுப்பாக்கக் கூடாது. அதானே நம்ம சட்டம்?"

"அப்புறம் என்ன? வருஷத்துக்கு ரெண்டு தடவ சோதிச்சுப் பேரு போடறார். கண்ணு தெரியுதில்ல உனக்கு?"

"தெரியுது. ஆனா அந்த மாடல் திரை இன்னும் ஓடுதுங்கறது ஆச்சரியம். ஒரு போட்டோ போதும், மெர்வி. திரைல படம் ஓடற மாதிரி. இந்த வெளியீட்டுச் சுற்று முடியறதுக்குள்ள அனுப்புங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த விதிவிலக்கு போனால், மிச்சம் எல்லாவற்றையும் பொது நிரல் பார்த்துக்கொள்ளும். என் கை பட வேண்டிய இடம் ஒன்றும் இருக்காது. திருத்தம் இல்லை என்றால் சோதனை இல்லை. சோதனை இல்லை என்றால் ஓஸ்மோ எனக்கு எழுத என்ன காரணம்? காரணம் இல்லாமல் எழுதும் ஆளா அவர்? நானுந்தான் அப்படி எழுதும் ஆளா? எனக்குப் போவது ஒரு டிரைவர் இல்லை, அந்த இரண்டு வரி.

அன்றே ஓஸ்மோவுக்கு எழுதினேன். போட்டோ ஒன்று எடுத்து அனுப்புங்கள், அவசரம் என்று. அடுத்த நாள் பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் வந்தது: 'படம் வருது. கேமரா இல்ல.'

கேமரா இல்லையாம்! இந்த நாட்டில் கலைமான் மேய்ப்பவன் கையில்கூட ஃபோன் இருக்கிறது, இவரிடம் கேமரா இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'சரி, புதன்கிழமை பஸ்ஸில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் நான் அவர் குரலைக்கூடக் கேட்டதில்லை.

அதற்குப் பதிலே வரவில்லை.

புதன்கிழமை கிளம்பினேன். முதல் பனி விழுந்திருந்தது. பஸ்ஸில் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு ஜோடி இருக்கையைப் பிடித்து, பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அது எங்களுக்குச் சுகமான ஏற்பாடு என்றுதான் நானும் எப்போதும் சொல்வேன். அன்றைக்கு மட்டும் யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டார்களா என்று இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஒரு திரையைப் பார்க்கப் போகிறேன் என்று.

கொர்பிவாராவில் பஸ் பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றது.

"பேருந்து நிலையத்துல நிக்காதா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"எந்த நிலையம்?" என்றான் அவன். "அங்க இப்ப கெபாப் கடை."

எனக்கு அங்கேயே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள மனசில்லை என்று சொல்வதுதான் சரி.

கட்டடம் பேருந்து நிலையம்தான். நீளமான கூடம், கண்ணாடிக் கதவு. காத்திருப்போர் பெஞ்சுகள் இருந்த இடத்தில் மேசைகள். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இறைச்சி சுழன்றுகொண்டிருந்தது. கடைக்காரர் குர்திஸ்தானிலிருந்து வந்தவர், பெயர் ரெபின். எங்கள் ஆட்கள் ஒரு மாசத்தில் பேசுவதை அவர் ஒரே மூச்சில் பேசினார்.

"வாங்க அக்கா, வாங்க! குளிர்ல வந்திருக்கீங்க, உக்காருங்க. ஓஸ்மோவப் பாக்கவா? ஓஸ்மோவப் பாக்க ஆளா? யப்பா! இருங்க, இத நான் என் பொண்டாட்டிக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும்."

இந்த நாட்டில் யாரும் யாரையும் அக்கா என்று கூப்பிடுவதில்லை. அவருடைய ஊர்ப் பழக்கம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

"அவர் எங்க?"

"அதோ, மூல மேசை. தெனமும் அங்கதான். காலைல காப்பி, மத்தியானம் பீட்சா, பேச்சு மட்டும் கெடையாது."

மூலையில் ஒரு மனிதர் எழுந்து நின்றார். ஒல்லி, உயரம், கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. மேசை மேல் இரண்டு கப் காப்பி. ஒன்று எனக்காக வாங்கி வைத்தது, ஆறியே போயிருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, நெட்டுக்குத்தாக நாலு திருகாணி ஓட்டைகள் இருந்தன.

"ஓஸ்மோ."

"மெர்வி."

உட்கார்ந்தோம். நான் ஓட்டைகளைப் பார்த்தேன். அவர் காப்பியைப் பார்த்தார்.

"திரை எங்க?" என்றேன்.

"நிலையத்த மூடினப்ப எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"எப்ப?"

"ரெபின் வர்றதுக்கு முன்னாடி."

"நான் வந்து அஞ்சு வருஷம் ஆச்சு அக்கா!" என்று ரெபின் கல்லாவிலிருந்து கத்தினார். "அந்த ஓட்டைய அடைக்க விட மாட்டேங்கறார். பூசிடறேன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிடுவார். ஒரு வாரம் வர மாட்டார்!"

நான் ஓஸ்மோ பக்கம் திரும்பினேன். "அப்ப இத்தன வருஷமா 'படம் வருது, படம் வருது'ன்னு எழுதினீங்களே? பேரு போட்டீங்களே? அது என்னது? நான் அத நம்பி ஊர் உலகத்துக்கெல்லாம் சத்தியம் பண்ணிட்டிருக்கேன். உங்களுக்கு வெக்கமா இல்ல?"

ஓஸ்மோ கப்பைத் தட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"போன மாசம் நீங்க அனுப்புன திருத்தம் என்னது, மெர்வி?"

"அது எதுக்கு இப்ப?"

"ஒரு வரிக் கடைசில இருந்த வெற்று இடத்த எடுத்திருந்தீங்க. வசந்தத்துல அனுப்புனது, ஒரு குறிப்புல எழுத்துப் பிழை. அதுக்கு முந்துனதுல, போன வருஷம் எடுத்த வெற்று வரிய மறுபடி போட்டிருந்தீங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வெற்று இடத்தச் சோதிக்கத் திரை எதுக்கு?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"அந்த வெற்று இடம் நெஜமாவே அசிங்கமா இருந்துச்சு" என்றேன்.

"இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு சிரித்துவிட்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது சிரிப்பினால் மட்டும் இல்லை.

"திரைய எடுத்த வாரம் உங்க திருத்தம் வந்துச்சு" என்றார் ஓஸ்மோ. அவர் ஒரே தடவையில் அவ்வளவு பேசி ரெபின் பார்த்ததே இல்லையாம், பின்னால் சொன்னார். "திரை போயிடுச்சு, இனி அனுப்ப வேண்டாம்னு எழுதி முடிச்சுட்டேன். அத அனுப்பிட்டா அப்புறம் நீங்க எழுத மாட்டீங்க. அழிச்சுட்டு, படம் வருதுன்னு போட்டேன். ஒரு தடவதான்னு நெனச்சேன்."

ஹென்னிங் கேட்டதை அவரிடம் சொன்னேன். போட்டோ இல்லை என்றால் விதிவிலக்கு போகும், அதோடு எல்லாம் போகும் என்று. அவர் தலையைத் திருப்பி, கல்லாவுக்கு மேலே தொங்கிய ரெபினின் மெனு டிவியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் பார்த்தோம்.

"அத நிமித்தி வச்சா..." என்றார்.

"நெட்டுக்குத்தா..." என்றேன்.

"ஏணி இருக்கு!" என்றார் ரெபின்.

ஓஸ்மோவின் சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ் தொங்கியது. அதில் நிலையத்தின் கடைசிப் பேருந்து அட்டவணை அப்படியே இருந்தது. என் மடிக்கணினியை டிவியில் செருகினேன். ரெபினின் டிவி நேர்மையான டிவி, கேட்டதும் தன்னால் முடிந்ததை ஒழுங்காகச் சொல்லிற்று. படத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். ஓஸ்மோவும் ரெபினும் டிவியைத் தூக்கி, நாலு ஓட்டைக்கு நேரே, இரண்டு நாற்காலி மேல் நெட்டாக நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். ரெபின் தன் பாஷையில் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். மஞ்சள் எழுத்தில் ஊர்ப் பெயர்கள் மேலிருந்து கீழே இறங்கின. ஓஸ்மோ எட்டிப் பார்த்து, "இப்படித்தான் இருந்துச்சு" என்றார். நான் ஃபோனை உயர்த்தி, ஆட்கள் தெரியாதபடிக்கு இரண்டு மூன்று படம் எடுத்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? திருட்டுத்தனம் பண்ணக்கூட ஒரு துணை வேண்டியிருக்கிறது.

அப்போது கதவு திறந்தது. மயிர்த்தொப்பி போட்ட ஒரு மனிதர் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்து, கடைப் பையோடு அப்படியே நின்றுவிட்டார். திரையைப் பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார்.

"லெஹ்தோலா வண்டி மறுபடி ஓடுதா?" என்றார். "மூணே கால் வண்டியா? அட, யாருமே சொல்லலியே!"

ஓஸ்மோவும் ரெபினும் டிவியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்கள். அந்த மனிதர் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். சட்டென்று திரும்பிக் கதவைத் திறந்து, வெளியே நின்ற காரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "நீ கெளம்பு, நான் பஸ்ல வந்துக்கறேன்! எனக்காக அந்தப் பக்கம் சுத்தாத!" கார் போய்விட்டது. அவர் வந்து எங்களுக்கு அடுத்த மேசையில் தொப்பியைக் கழற்றி வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்தார்.

"வில்யோ" என்று ஓஸ்மோ என்னிடம் மெல்லச் சொன்னார். "லெஹ்தோலால அவரும் ஒரு நாயும்தான். கண்ணு மங்கிட்டதால லைசன்ஸ வாங்கிட்டாங்க. யாராவது வண்டில ஏத்திக்கிட்டாத்தான் ஊருக்குள்ள வருவார்."

டிவியை நாற்காலி மேலேயே சாய்த்து வைத்தார்கள். நான் கேபிளைப் பிடுங்கினேன். ஊர்ப் பெயர்களெல்லாம் போய்த் திரை கறுப்பாயிற்று. வில்யோ அதைக் கவனிக்கவில்லை. அவர் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசப் பிடிக்காத ஓஸ்மோ, கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய், அவர் எதிரே உட்கார்ந்தார்.

"வில்யோ. அந்த வண்டி ஓடல."

"போட்டிருக்கே."

"நாங்க சும்மா போட்டோம். ஒரு போட்டோவுக்காக. வண்டி இல்ல. வராது."

வில்யோ கோபப்படுவார் என்று பார்த்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் தொப்பியை எடுத்து அதன் மயிரைத் தடவினார். "எனக்கும் தோணுச்சு" என்றார். "ஓடினா நல்லா இருக்குமேன்னு நம்பிட்டேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நானும் ஓஸ்மோவும் ஒருத்தருக்கொருத்தர் பொய் சொன்னோம், அது எங்களோடு. அதைத் தூக்கிச் சுவரில் மாட்டினால் யாரோ ஒருத்தர் நம்பிக் காத்திருப்பார். அந்தக் குவியலும் அப்படித்தான். என் விதிவிலக்கைப் படித்துவிட்டு, எங்கோ ஒரு திரை ஓடுகிறது என்று நம்பி, இனி வருகிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றி வேலை செய்வார்கள். ஃபோனை எடுத்தேன். எடுத்த படங்களை அழித்தேன். ஓஸ்மோ பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அவர நான் கொண்டு போய் விடணும்" என்றார்.

"போயிட்டு வர எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம். வழுக்குச்சுன்னா இன்னும் ஆகும்."

என் பஸ் அதற்கு முன்னாலேயே. அன்றைக்கு அது ஒன்றுதான். நாங்கள் கணக்குப் போட்டோம், இரண்டு பேருக்கும் ஒரே விடைதான் வந்தது. கதவருகே கை கொடுத்தோம். அவர் கை சூடாக இருந்தது. எத்தனையோ கேட்க நினைத்து வந்திருந்தேன். ஏரி எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை.

"பாத்துப் போங்க" என்றார்.

"நீங்களும்" என்றேன்.

ஜன்னல் வழியே கார் விளக்கு திரும்பிப் போவது தெரிந்தது. ரெபின் எனக்கு ஒரு பெரிய கெபாப் பீட்சாவைக் கட்டிக் கொடுத்து, "மறுபடி வாங்க அக்கா, வராம இருக்காதீங்க" என்று பெட்ரோல் பங்க் வரைக்கும் கூடவே வந்தார். என்னை வழியனுப்ப ஒருத்தர் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு, மடியில் கணினியைத் திறந்து, திருத்தத்தை எழுதினேன். வெற்று இடத் திருத்தம் இல்லை, நிஜமான திருத்தம். ஓஸ்மோவின் திரைக்கான அத்தனை வரிகளையும் எடுத்தேன். ஏன் எடுக்கிறோம் என்று ஒரு காரணம் எழுத வேண்டும், அது சட்டம். 'இந்தத் திரை இப்போது இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன். தெரிவித்தவர்: ஓஸ்மோ கெத்துனென்' என்று எழுதினேன். ஊர் வருவதற்குள் அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய் அனுப்பலாம் என்று வைத்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் மடற்குழுவில் பதில் வந்தது, எல்லாரும் பார்க்க.

'படம் வரல. நாலு ஓட்டைதான் இருக்கு. சோதித்தவர்: ஓஸ்மோ கெத்துனென்.'

ஹென்னிங் பதறிப்போய்க் கூப்பிட்டான். "மெர்வி, இது என்ன? சோதிச்சவர் படம் வரலங்கறாரே? திருத்தம் சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கு" என்றேன். "அவர் பேரோட சேத்துக்க. ஒரு எழுத்தும் மாத்தாத."

"நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். நல்ல பையன் என்று சொன்னேனே.

"இல்ல" என்றேன்.

அவன் சுவரில் தொங்கிய சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் வைத்துவிட்டோம்.

அந்தக் குளிர்காலம் மாதிரி ஒரு குளிர்காலத்தை நான் கண்டதில்லை. டிரைவர் யார் தயவும் இல்லாமல் தானாக ஓடியது. யாரும் புகார் சொல்லவில்லை. மடல் பெட்டியைத் திறப்பேன், பல் டாக்டரின் நினைவூட்டல் இருக்கும், மூடுவேன். ஓஸ்மோவுக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். திருத்தம் இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது? நலமா என்று எழுதினால், ஏன் கேட்கிறாள் என்று பயந்துவிடுவாரே? அவரும் அங்கே அதே மூலையில் உட்கார்ந்து அதையேதான் யோசித்திருப்பார். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா?

வசந்தம் வந்தது. வழக்கமாகத் திருத்தம் அனுப்பும் வாரமும் வந்தது. கை பழக்கத்தில் புது மடலைத் திறந்தேன். தலைப்பு இடத்தில் என்ன போடுவது என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், 'ஏரி?' என்று போட்டேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

அடுத்த நாள் காலையில் பதில் வந்துவிடும் என்று எழுந்து பார்த்தேன். வரவில்லை. மத்தியானமும் இல்லை. உன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினேன். சாயங்காலம் வந்தது.

'வீட்ல இருந்து பாத்தா தெரியல. நடந்து போய்ப் பாத்துட்டு வந்தேன், அதான் லேட்டு. பாதிதான் உருகியிருக்கு. ஞாயித்துக்கெழம மறுபடி போய்ப் பாத்து எழுதறேன்.

சோதித்தவர்: ஓஸ்மோ கெத்துனென்.'